பேரை எழுது, பிறகு பாடு

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான்கு பேர் என் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். ஸ்டுடியோ என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மதுரை செல்லூரில் என் வீட்டு மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அறை. ஒரு கம்ப்யூட்டர், இரண்டு மைக், ஒரு பழைய பேஸ் கிட்டார். வந்தவர்களில் இரண்டு பையன்கள் கிட்டார், ஒருவன் டிரம்ஸ், பாடுவது ஒரு தங்கச்சி. நால்வரும் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம்.

“அங்கிள், நாங்க பாப் பங்க் பேண்டு. ஒரு பாட்டு ரெடியா இருக்கு. ரெக்கார்டு பண்ணணும், வீடியோ எடுக்கணும். ஹிட்டாகணும்.”

முப்பது வருடம் திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுவுக்கு பேஸ் வாசித்தவன் நான். மேலூரிலிருந்து உசிலம்பட்டி வரை, ஹிட்டான பாட்டையெல்லாம் ஊர் ஊராகக் கொண்டுபோய் வாசித்திருக்கிறேனே ஒழிய, ஒன்றையும் ஹிட்டாக்கியதில்லை. ஆனால் ஹிட்டாக்கியவர்கள் அந்தப் பாட்டால் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன். அன்று டீ ஆறிப்போகும்வரை அவர்களிடம் சொன்னதை, இனி வரப்போகிறவர்களுக்காகவும் இங்கே எழுதி வைக்கிறேன்.

1. மூன்று கார்டுதான் தெரியும் என்று வெட்கப்படாதீர்கள்.

உங்கள் இசையின் முதுகெலும்பு பவர் கார்டு. அதில் இருப்பது ச, ப என்ற இரண்டே சுரம். நம் பழைய பெயரில் சொன்னால் குரலும் இளியும். நடுவில் காந்தாரம் கிடையாது. அதனால் அந்தக் கார்டு மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. சிரிக்கிறதா அழுகிறதா என்று அது சொல்லாது, பாடுகிற குரல்தான் சொல்ல வேண்டும். டிஸ்டார்ஷனை முறுக்கி வைத்துக்கொண்டு காந்தாரத்தையும் சேர்த்து அடித்துப் பாருங்கள், கூழாகிவிடும். ச–ப மட்டும் என்றால் நறுக்கென்று நிற்கும். தம்புராவில் காலங்காலமாக மீட்டுவதும் இந்த இரண்டைத்தான்.

1976இல் நியூயார்க்கில் ரமோன்ஸ் என்ற நான்கு பேர் முதல் ஆல்பம் போட்டார்கள். பதினான்கு பாட்டு, எல்லாம் சேர்த்து அரை மணி நேரம்கூட இல்லை. அதே 1976இல்தான் அன்று மதுரை ஜில்லாவில் இருந்த பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜா ‘அன்னக்கிளி’க்கு இசையமைத்தார். அவர்கள் இசையை எலும்பு தெரியச் செதுக்கினார்கள், இவர் வயக்காட்டு மெட்டுக்கு வயலின் படையைக் கூட்டி வந்தார். வழி வேறுதான். ஆனால் இரண்டுமே வாசலுக்கு வெளியே நின்றவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்த கதை. ரமோன்ஸ் வைத்த கோபத்தின் மேல் மெட்டைப் பூசியவர்கள் பின்னால் வந்த கிரீன் டே, பிளிங்க்-182 ஆட்கள். அதற்குத்தான் பாப் பங்க் என்று பெயர்.

2. தமிழில் பாடினால் குறில் நெடிலுக்குப் பயப்படுங்கள்.

இதுதான் உங்கள் பாட்டில் நான் கண்ட பெரிய குறை. ஆங்கிலத்தில் ஓர் உயிரை எவ்வளவு இழுத்தாலும் பாதகமில்லை. நமக்கு அப்படி இல்லை. ‘விடு’வை இழுத்தால் வீடு. ‘படம்’ பாடம் ஆகிவிடும், ‘மலை’ மாலை ஆகிவிடும். தங்கச்சி கோரஸில் “என்னை விடு” என்று பாடியது எனக்கு வீட்டுத் தரகர் விளம்பரம் மாதிரிக் கேட்டது. அந்தப் பெண்ணே விழுந்து விழுந்து சிரித்தது.

வழி இருக்கிறது. மெட்டில் நீளமாக நிற்கிற சுரத்தில் நெடிலை வையுங்கள், ஓடுகிற சுரங்களில் குறிலைக் கொட்டுங்கள். வல்லின ஒற்று வருகிற சொல்லை டிரம்ஸின் ஸ்னேர் அடியோடு பொருத்துங்கள். ‘பட்டு’, ‘கொத்து’, ‘நச்சு’ எல்லாம் தாமாகவே அடி வாங்கும் சொற்கள். கானா பாடுகிறவர்களுக்கும் ஒப்பாரி வைக்கிற ஆத்தாக்களுக்கும் இதை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பிளிங்க்-182 பாடகர் மூக்கால் பாடுவார், அது கலிபோர்னியா மூக்கு. நீங்கள் உங்கள் மூக்கால் பாடுங்கள்.

3. உங்கள் பாட்டில் உங்கள் தெரு எங்கே?

பாட்டைக் கேட்டேன். ஒரு பெண் போய்விட்டாள், மால் வருகிறது, புறநகர் வருகிறது, காரில் நெடுஞ்சாலையில் போகிறார்கள். நால்வரில் கார் யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். ஒருவரிடமும் இல்லை. அரியர் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கேட்டேன். மூன்று பேர் தலையைக் குனிந்தார்கள். அடப்பாவிகளா, அரியரைப் பற்றி ஒரு வரி எழுதக் கூடாதா? கலிபோர்னியாப் பையன்களின் சலிப்பில் பிறந்தது அந்த இசை. ஒத்தக்கடையிலிருந்து ஷேர் ஆட்டோவில் மூன்றாவது ஆளாகத் தொங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போகிற சலிப்பு உங்களுடையது. அதை உங்களைத் தவிர யார் பாடுவார்கள்?

4. மெட்டைக் கடன் வாங்கினால் கடன் என்று சொல்லிவிடுங்கள்.

கடன் மெட்டு கேவலம் இல்லை. பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் செய்ததே அதுதானே? ஜனங்களுக்குத் தெரிந்த சினிமா மெட்டு, அதன் மேல் கட்சியின் வரி. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் அவருடைய பாட்டு மலைத்தோட்டத் தொழிலாளர்களிடம் செய்த வேலையைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். கூட நின்று பாடிய தம்பிதான் பிறகு இளையராஜா.

நமக்குப் பக்கத்தில் இன்னொன்று நடந்தது. 2015 ஜூலை கடைசியில் சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ‘கொடைக்கானல் வோன்ட்’ காணொளி வந்தது. நிக்கி மினாஜின் ‘அனகோண்டா’ மெட்டு. விஷயம், கொடைக்கானலில் தெர்மாமீட்டர் செய்த தொழிற்சாலையின் பாதரசம். அந்தக் கழிவு மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கிடந்தது தெரிந்து, 2001இல் ஆலை மூடப்பட்டது. தொழிலாளர்கள் பதினான்கு வருடமாக நியாயம் கேட்டு நடந்துகொண்டிருந்தார்கள். மூன்று நிமிடத்துக்குள் முடிகிற பாட்டு அதை உலகத்தின் காதில் போட்டது. மெட்டுக்குச் சொந்தக்காரியான மினாஜே ட்விட்டரில் அதைப் பகிர்ந்தார். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு ஆலைக்குச் சொந்தக்காரரான ஹிந்துஸ்தான் யூனிலீவர் உடன்பாடு செய்துகொண்டது.

பாட்டு ஜெயித்தது என்று இதைச் சொல்லாதீர்கள். பதினான்கு வருடம் நடந்தவர்களின் கடைசி ஒரு மைலுக்கு அந்தப் பாட்டு மேளம் அடித்தது, அவ்வளவுதான். அதைப் பாடிய பெண்ணும் தன் பாட்டாக அதை ஊரில் விற்கவில்லை, ஒரு மனுவில் கையெழுத்துப் போடச் சொல்லித்தான் பாடினார்.

எல்லாருக்கும் அப்படி நடக்காது. அடுத்தவர் மெட்டை அனுமதி இல்லாமல் எடுத்து வேறு வரி போட்டு வெளியிட நம் பதிப்புரிமைச் சட்டம் எளிதாக இடம் தராது. சட்டத்துக்கு முன்னால் யூடியூபே உங்கள் பாட்டைப் பிடித்து, வருமானத்தை மெட்டின் சொந்தக்காரருக்கு அனுப்பிவிடும். 2017இல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்த எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கே, தன் பாடல்களை அனுமதி இல்லாமல் மேடையில் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது. நெடுநாள் பழக்கம். பிறகு இருவரும் சேர்ந்துகொண்டார்கள், நமக்கெல்லாம் நெஞ்சு நிறைந்தது. ஆனாலும் அந்த நோட்டீஸ் கேட்ட கேள்வியை மறக்காதீர்கள். யாருடைய பாட்டு அது?

5. முட்டை அட்டை சத்தத்தைத் தடுக்காது.

சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிவிட்டு ‘சவுண்ட் ப்ரூஃப்’ என்கிறார்கள். எதிரொலி கொஞ்சம் குறையும், பக்கத்து வீட்டு அக்காவின் திட்டு குறையாது. கனமான பொருள்தான் சத்தத்தை நிறுத்தும். அரிசி மூட்டை அடுக்கிய அறையில் நான் நல்ல பதிவு எடுத்திருக்கிறேன். கிளிக் வைத்து டிரம்ஸ் முதலில், பிறகு பேஸ், பிறகு கிட்டார், குரல் கடைசி. சித்திரை வெயிலில் கம்பி இளகி சுதி இறங்கும், ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் சுதி பாருங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பேப்பரில் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். குரல் சரியாக வந்துகொண்டிருந்தபோது கரண்ட் போன சோகம் எனக்கு ஒன்பது தடவை.

6. வீடியோவுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

பிளிங்க்-182 ‘ஆல் தி ஸ்மால் திங்ஸ்’ பாட்டை 1999 ஆல்பத்தில் வைத்தது. மூன்று நிமிடத்துக்கும் குறைவான பாட்டு. வீடியோவை இயக்கிய மார்கோஸ் சியேகா என்ன செய்தார்? அந்தக் காலத்தில் கடற்கரையில் வெள்ளைச் சட்டையோடு காற்றில் ஆடிய பாய் பேண்டுகளை அப்படியே கிண்டல் அடித்தார். மூன்று பேரும் அசிங்கமாக ஆடினார்கள், அழகாகச் சிரித்தார்கள். 2000ஆம் வருட எம்டிவி விருது வந்தது. எனக்கு இதில் பிடித்த வேடிக்கை, யாரைக் கிண்டல் செய்தார்களோ அவர்களுக்குச் சமமாக இவர்களும் அந்த ஒரு வீடியோவில் பெரிய ஆட்களாகிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பெண்கள் இவர்கள் படத்தையும் அதே சுவரில் ஒட்டினார்கள்.

நம் ஊரில் கொலவெறி. 2011 நவம்பர் 16. அரைகுறையாக ஒரு பதிவு முன்னாலேயே கசிந்துவிட்டது என்று அவசரமாக வெளியிட்டது. வீடியோவில் என்ன இருக்கிறது? ஒரு ஒலிப்பதிவு அறை, ஹெட்போன் போட்ட தனுஷ், சுற்றி நான்கைந்து பேர், சிரிப்பு. அனிருத்துக்கு அப்போது இருபத்தொரு வயது. மறு வருடம் ‘3’ படத்தில் அதே பாட்டைக் காட்சியாக எடுத்தார்கள். அந்தக் காட்சி உங்களில் யாருக்கு நினைவிருக்கிறது? ஸ்டுடியோ வீடியோதான் எல்லாருக்கும் நினைவில் நிற்கிறது. பாடுகிறவனைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற சுகம் அதில் இருந்தது.

உங்களுக்கு இரண்டு போன், ஒரு காலை நேரம் போதும். ஆறரையிலிருந்து எட்டரைக்குள் எடுத்து முடியுங்கள். பதினொரு மணி வெயிலில் எடுத்தால் எல்லார் கண்ணுக்கும் கீழே கரி பூசியது மாதிரி நிழல் விழும். பாட்டைப் பெரிய ஸ்பீக்கரில் ஓடவிட்டு, வாயசைக்காமல் நிஜமாகவே கத்திப் பாடுங்கள். கழுத்து நரம்பு புடைக்காத பங்க் பாட்டு எதற்கு?

7. மதுரை என்றால் அரிவாளா?

வேண்டாம். இருபது வருடமாக சினிமா அதைச் செய்துவிட்டது. சுமோவும் வேண்டாம்.

8. இடத்துக்கும் சொந்தக்காரர் உண்டு.

சமணர் மலையில் எடுக்கலாமா என்றார்கள். கீழக்குயில்குடி ஆலமரமும் தாமரைக் குளமும் யாரையும் இழுக்கும். ஆனால் மேலே தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கிற இடம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே டிரம்ஸைத் தூக்கிக்கொண்டு ஏறாதீர்கள், பாறையில் பேண்டு பெயரை எழுதுகிற எண்ணமே வரக் கூடாது. மகால் என்றால் அனுமதியும் கட்டணமும். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018 தீ விபத்துக்குப் பிறகு செல்போனுக்கே தடை, கோபுரத்துக்கு மேல் ட்ரோன் விட்டால் படம் எடுத்து முடிக்கிறதுக்குள் காவல் நிலையத்தில் இருப்பீர்கள். வைகை மணல் இருக்கிறதே! தண்ணீர் இல்லாத ஆற்றில் நின்று பாடுவதைவிட பங்க் என்ன இருக்கிறது?

முகங்களுக்கும் இதேதான். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி அளக்கிற ஒரு அம்மாவின் முகம் உங்கள் வீடியோவில் நான்கு நொடி வருகிறது என்று வையுங்கள். அந்த நான்கு நொடிக்காகத்தான் ஜனங்கள் அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். அன்றைய வியாபாரம் கெட்ட காசைக் கொடுங்கள். கடைசியில் ஓடுகிற பெயர்ப் பட்டியலில் அவர் பெயரைப் போடுங்கள். ‘மதுரை மக்களுக்கு நன்றி’ என்று மொத்தமாக முடிக்காதீர்கள்.

9. ஒரு தாள், நான்கு கையெழுத்து. ஹிட் ஆவதற்கு முன்னால்.

இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் கூட்டிவந்தேன்.

2021 மார்ச் 7. ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்தது. அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன் என்று மூன்று பெயர், வீடியோவை இயக்கியவர் அமித் கிருஷ்ணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளிடம் கேட்ட கதையைத்தான் அறிவு பாட்டுக்குள் வைத்தார். வீடியோவில் அந்தப் பாட்டியே வருகிறார். நிலம் இல்லாதவர்களின் பாட்டு அது, கல்யாண வீட்டிலும் கல்லூரி விழாவிலும் எல்லாரும் ஆடினார்கள். சினிமாவில் வராத ஒரு தமிழ்ப் பாட்டு அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

பிறகு நடந்ததையும் பாருங்கள். அதே வருடம் ஆகஸ்டில் ஓர் ஆங்கில இசைப் பத்திரிகையின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. ஊரே கேட்ட பிறகு அறிவுக்குத் தனியாக ஓர் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு ஒலித்தது, மேடையில் அறிவு இல்லை. எழுதியதும் மெட்டுக் கட்டியதும் நான்தான் என்று அவர் சொல்ல, வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் சொன்னார். 2024 மார்ச்சில் அவரே இன்னொன்றும் சொன்னார். மூன்று வருடம் ஆகியும் அந்தப் பாட்டிலிருந்து மூவருக்கும் ஒரு காசும் வரவில்லை என்று.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. மூவருமே திறமைசாலிகள், மூவர் மேலும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கோடிக்கணக்கானவர்கள் கேட்ட பாட்டில், யார் எதைச் செய்தார்கள் என்ற கேள்வி வெளியான பிறகு கிளம்பியது. அதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம்.

என் கதை இதைவிடச் சின்னது. 1993இல் ஓர் ஊர்த் திருவிழாவுக்காக அம்மன் பாட்டு ஒன்றுக்கு மெட்டுப் போட்டேன். ஒரு கேசட் கம்பெனிக்காரர் 750 ரூபாயைக் கையில் வைத்து ஒரு வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கினார். வீட்டில் குழந்தைக்குப் பெயர் வைக்கிற நேரம், பணம் வேண்டியிருந்தது. ஆறு மாதம் கழித்துப் பெரியார் பேருந்து நிலையத்து டீக்கடையில் அந்தப் பாட்டு ஓடியது. கேசட் அட்டையை வாங்கிப் பார்த்தேன். இசை என்ற இடத்தில் வேறொருவர் பெயர். டீக்கடைக்காரரிடம் ‘இது என் மெட்டு’ என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “டீ காசு ரெண்டு ரூபா அண்ணே” என்றார்.

ஆகவே, தம்பிகளா, தங்கச்சி, தாளில் எழுதுங்கள். வரி யாருடையது, மெட்டு யாருடையது, அந்த இரண்டாவது நிமிடத்துக் கிட்டார் இழை யார் கண்டுபிடித்தது, வருமானத்தில் யாருக்கு எத்தனை பங்கு. ஒருவர் பேண்டைவிட்டுப் போனால் என்ன, பேண்டின் பெயர் யாரிடம் நிற்கும், யூடியூப் சேனலின் பாஸ்வேர்டு யாரிடம். சண்டை வராத இன்றைக்கே எழுதுங்கள். ஒருவரை ஒருவர் நம்பாததால் எழுதச் சொல்லவில்லை, இப்போது நம்புகிறீர்கள் என்பதால்தான் சொல்கிறேன்.

கம்பெனிக்காரர் தாளை நீட்டினால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருடம் என்று தாளில் எழுதவில்லை என்றால் சட்டப்படி 5 வருடம்தான். எந்த நாடுகளுக்கு என்று எழுதவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும். அதனால்தான் அவர்கள் ‘என்றென்றைக்கும், உலகம் முழுவதும்’ என்று மறக்காமல் எழுதுகிறார்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் வரவேண்டிய ராயல்டி உரிமையைக் கம்பெனி எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. 1969 முதல் இருக்கிற, ராயல்டி வசூலித்துத் தருகிற ஐபிஆர்எஸ் சங்கத்தில் எழுதுகிறவரும் மெட்டுப் போடுகிறவரும் உறுப்பினராகுங்கள். இதெல்லாம் 1993இல் எனக்கு யாரும் சொல்லவில்லை.

10. வியூஸ் காசு கொடுத்து வாங்காதீர்கள். உங்கள் அம்மாவே கண்டுபிடித்துவிடுவார்.

11. மேடையை மறக்காதீர்கள்.

காஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் மேடை ஏறியது. பத்தொன்பது பேர், கானாவும் பறையும் ராக் கிட்டாரும் ஒரே மேடையில். அயோத்திதாசர் சொன்ன ‘சாதிபேதமற்ற’ என்ற சொல்லிலிருந்து பெயர் எடுத்தவர்கள். இரவுக் குளிரில் நின்றுகொண்டே கேட்ட கூட்டம்தான் அவர்களை ஊருக்குச் சொன்னது.

உங்களுக்கு மதுரையில் பெரிய அரங்கு கிடைக்காது. ராக் பேண்டு என்றாலே சபாக்காரர்கள் கும்பிடு போடுவார்கள். கல்லூரி விழா, தெருமுனைப் பொங்கல் விளையாட்டு விழா, சங்கத்துக்காரர்கள் கூட்டம், எதுவானாலும் ஏறுங்கள். சவுண்ட் சர்வீஸ் அண்ணனை முதலில் ‘சாப்பிட்டீங்களா’ என்று கேளுங்கள், பிறகு மானிட்டர் ஸ்பீக்கர் கேளுங்கள். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் வருட விதி. எட்டேகாலுக்குள் உங்கள் முறை வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள், நாட்டியப் போட்டி எப்போதும் நீளும். மூன்று பாட்டுப் பாடிவிட்டு இறங்குங்கள். ஒரு பாட்டி எழுந்து ஆடினால் அது ஹிட்.

தாளை எடுத்துக்கொண்டு அடுத்த புதன்கிழமை வாருங்கள், செவ்வாய் செல்லூரில் மின்தடை. டிரம்ஸ் தம்பியின் முழுப் பெயரையும் இனிஷியலோடு எழுதி எடுத்து வாருங்கள். நான்கு வாரமாக வந்துபோகிறான், எல்லாரும் ‘டிரம்மரு’ என்றுதான் கூப்பிடுகிறீர்கள்.